லேப்டாப்பில் திறக்கிறது, போனில் திறக்கவில்லையா?

பிளாஸ்க்கில் (பைத்தானில் இணையப் பக்கம் செய்ய உதவும் கருவித்தொகுப்பு) நான் எழுதிய முதல் பக்கம் என் லேப்டாப்பில் அழகாகத் திறந்தது. தங்கையின் போனில் வரவே இல்லை. ஒரு மாலை முழுக்கப் போனது. நீங்களும் அப்படித் தவிக்க வேண்டாம்.

லேப்டாப்பில் பக்கத்தைத் திறக்க நாம் அடிக்கும் 127.0.0.1 என்பது ஒரு கருவி தன்னையே கூப்பிடும் முகவரி. போனில் அதை அடித்தால் போன் தன்னைத்தான் தேடும். அதனால் லேப்டாப்பின் வைஃபை அமைப்பில் அதன் ஐபி முகவரியைப் பார்த்து, போனில் அதை அடியுங்கள். வீட்டில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். போனும் அதே வைஃபையில் இருக்கட்டும்.

அப்புறம் போர்ட், அதாவது ஒரு கருவியில் எந்த நிரலைத் தேடுகிறோம் என்று சொல்லும் எண். வழக்கமான இணையதளங்களின் 80, 443 இரண்டையும் பிரவுசரே போட்டுக்கொள்ளும். பிளாஸ்க் ஓடுவது 5000இல்; அதனால் லேப்டாப்பின் முகவரி 192.168.1.5 என்றால், 192.168.1.5:5000 என்று முக்காற்புள்ளியோடு நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

உடனே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தால், சர்வர் (லேப்டாப்பில் ஓடும் உங்கள் பிளாஸ்க் நிரல்) 127.0.0.1இல் மட்டும் காத்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். பிளாஸ்க்கை ஓட்டும்போது தரும் ஹோஸ்ட்டை, அதாவது அது காத்திருக்கும் முகவரியை, 0.0.0.0 என்று மாற்றுங்கள்; லேப்டாப்பின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும். எனக்குக் கோளாறு அங்கேதான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் லேப்டாப்பின் ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) பாருங்கள்.