விழா மலரில் வராத சபை வரலாறு: கதைக்கூட்டம் நடத்தும் முறை

எந்தக் கிறிஸ்தவ சபையின் நூற்றாண்டு விழா மலரைப் புரட்டினாலும் மூலைக்கல் நாட்டிய தேதியும் ஆயர்களின் வரிசையும் இருக்கும். ஊரிலிருந்து வேலை தேடி வந்த பையனுக்கு யார் வாடகை அறை பார்த்துக் கொடுத்தார் என்பது இருக்காது. அதைச் சொல்லக்கூடியவர்கள் மறையும்போதுதான் சபை தான் யாரென்பதை மறக்கிறது. அந்த நினைவுகளைச் சபையார் வாயாலேயே திரட்ட ஆறு ஞாயிறுகள் போதும்.

ஏப்ரல், மே வேண்டாம். பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால், சி.எஸ்.ஐ. சபைகள் செப்டம்பர் 27-ஐ ஒட்டி முடிக்கலாம். 1947-இல் அந்த நாளில்தான் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதற்கு முன் உங்கள் சபை ஆங்கிலிக்கனா, மெதடிஸ்டா, தென்னிந்திய ஐக்கிய சபையா என்று கேட்டுப் பாருங்கள். பழைய வழக்கங்கள் பலவற்றுக்கு விளக்கம் அங்கே கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம் ஆயத்தம். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் அனுமதியோடு ஐந்து பேர் குழு அமையுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர், வாலிபர் ஒருவர், சபைக்கு வந்து ஐந்து ஆண்டுகூட ஆகாத ஒருவர் அதில் கட்டாயம் வேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பெற்றோரின் தொழிலையும் இருப்பிடத்தையும் பத்தாண்டு வாரியாக எண்ணுங்கள். பெரம்பூர்ப் பக்கத்துச் சபையானால் ரயில்வேயும் பின்னி மில்லும் வரக்கூடும். சபை யாரால் ஆனது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடையாது.

அடுத்த மூன்று ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் கதை சொல்லும் வட்டங்கள். ஒரு வட்டத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர், 75 நிமிடம், ஆளுக்கு ஐந்து நிமிடம். மீதி நேரம் கேள்விக்கு. நேரத்தைச் சின்ன மணி அடித்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூத்த ஒருவரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வார். வாசலில் வண்ணச் சீட்டு கொடுத்து வட்டங்களாகப் பிரித்துவிடுங்கள். தானாக உட்கார விட்டால் உறவும் சாதியும் ஊரும் சேர்ந்தே உட்காரும், ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். ஆயர் வட்டத்தில் இருக்க வேண்டாம். அவர் இருந்தால் நினைவுகள் மேடையில் சொல்லும் பக்திச் சாட்சியாக மாறிவிடும். அவருடைய கதையைக் கடைசியில் கேட்கலாம்.

"சபையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பிரசங்கம்தான் வரும். "முதல் நாள் எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார்?" என்று கேளுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. அன்று காலை ஆராதனையில் என்ன நடந்தது? 2015 வெள்ளத்தில் வளாகத்தில் யார் தங்கினார்கள், சமைத்தது யார்? 2020-இல் கோயில் பூட்டியிருந்தபோது உங்களை யார் நலம் விசாரித்தார்கள்? பழைய பாமாலைப் பாட்டுப் புத்தகம், போட்டோ எதையாவது கையில் கொண்டுவரச் சொன்னால் பேச்சு தானே வரும்.

கசப்பும் வரும்: சபைத் தேர்தல் சண்டை, வழக்கு, முன்வரிசையில் உட்கார முடியாமல் போனது. மூடி மறைக்காதீர்கள். தான் கண்டதை மட்டும் சொல்லலாம், அடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று சொல்லக்கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக்குங்கள். பதிவு செய்யச் சம்மதம் கேளுங்கள். யாராவது உடைந்து அழுதால் பதிவை நிறுத்துங்கள்.

போனை ஏரோபிளேன் மோடில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேலே மின்விசிறி ஓடினால் குரல் அமுங்கும். ஒரு நிமிடம் பேசிக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத நான்கு முதல் ஆறு மணி நேரமாவது ஆகும் என்பதால் வாலிபர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சொன்னவர் பேச்சுத்தமிழை வேதாகமத் தமிழாக்க வேண்டாம். பாட்டியின் குரல் போய்விடும். பழைய படங்களுக்கு செலோ டேப்பும் லேமினேஷனும் கூடாது. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் எழுதிய பின்பக்கத்தையும் சேர்த்து.

ஆறாம் ஞாயிறு சபை மன்றச் சுவரில் பழுப்புத்தாளை நீளமாக ஒட்டி, பத்தாண்டு வாரியாகக் கதைகளைச் சீட்டுகளில் எழுதிப் பதியுங்கள். காலியாகக் கிடக்கும் பத்தாண்டைக் கவனியுங்கள். அங்கே யாரும் பேச விரும்பாத ஏதோ இருக்கலாம். பிறகு, குறைந்தது மூன்று வட்டங்களில் வந்த செயல்களை மட்டும் எடுங்கள். "அன்பான சபை" எந்தச் சபைக்கும் பொருந்தும். "சென்னைக்குப் புதிதாக வந்தவருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் சபை" என்பது உங்களுடையது. இப்படி மூன்று வாக்கியம் ஒரு பக்கத்தில் எழுதி, ஆராதனையில் வாசியுங்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்ல நினைவுக் கற்களை நாட்டிய யோசுவா 4-ஆம் அதிகாரம் அன்றைக்கு ஏற்ற பாடம்.

அதே பக்கத்தை அடுத்த சேகரக் கமிட்டி கூட்டத்தில், வரவு செலவைத் தொடுவதற்கு முன் வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: இதை இப்போதும் செய்கிறோமா? இல்லையென்றால் யார் தொடங்குவது, எந்த மாதம், எவ்வளவு பணம் என்று நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.