இறைச்சிக்கு எருமைக் கடா வளர்ப்பு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கேரளத்தில் ஹரியானா பக்கத்து முர்ரா என்ற எருமை இனத்தின் கடாக்கன்றுகளை வாங்கி, ஒரு வருடம் போல வளர்த்து இறைச்சிக்கு விற்பவர்கள் நிறைய பேர். 'போத்து வளர்ப்பு' என்பார்கள். நாலைந்து கன்றோடு தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறைச்சிக்கான மாடுகள் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் ஊர் நிலவரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. கன்று வாங்குதல்

கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாலடியில் கழிச்சல் கறை இருந்தால் வாங்க வேண்டாம். விலை குறைவு என்று நோஞ்சான் கன்றை எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் மருந்துக்கே போய்விடும்.

2. முதல் மூன்று வாரம்

அதிகம் கவனம் வேண்டியது இங்கேதான். ஹரியானாவிலிருந்து லாரியில் வரும் கன்று களைத்து, நீர் வற்றிப்போய் இறங்கும். வந்ததும் வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீர், கொஞ்சம் வைக்கோல் போதும். பாவமாக இருக்கிறதே என்று அன்றைக்கே அடர்தீவனத்தை (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த தீவனம்) அள்ளி வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி, கன்று படுத்துவிடும். சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

பழைய மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். களைப்பு தீர்ந்ததும் சாணத்தைப் பரிசோதித்து, எடைக்கு ஏற்ற குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். கோமாரி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளை விட்டுவிடாதீர்கள். தொண்டை அடைப்பானுக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே போட வேண்டும்.

3. எடை அளத்தல்

தராசு வேண்டாம், தையல் டேப் போதும். காலையில் தீவனம் வைக்கும் முன், முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வரும். சுற்றளவு 50, நீளம் 44 என்றால் சுமார் 167 கிலோ.

மாதம் ஒருமுறை நோட்டில் குறியுங்கள். நாளுக்கு அரை கிலோவுக்கு மேல் ஏறினால் வளர்ச்சி நன்றாக இருக்கிறது. ஏறவில்லையா? புழுவா, தீவனக் குறைவா என்று அப்போதே பாருங்கள். கடா கொழுத்திருப்பதாகக் கண் சொல்லும், டேப் வேறு சொல்லும். டேப்பை நம்புங்கள்.

4. தீவனம்

150 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ பசும்புல் (கோ-4 அல்லது கோ-5 என்ற கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் ரகம்), ஒரு கிலோ வைக்கோல், ஒன்றரை கிலோ அடர்தீவனம், கொஞ்சம் தாது உப்புக் கலவை.

வைக்கோலின் சத்தைக் கூட்ட 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். கொடுக்கும் முன் நெடி போக ஆறவிட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலில் மாடு வாய் வைத்தால் உயிர் போகும், வாளியைக்கூட அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

5. வெயில்

எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, தோலும் கறுப்பு. நிழலும் மதியக் குளியலும் கட்டாயம்.

6. விற்பனை

ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால், மருந்துப் பெட்டியில் சொன்ன விலக்கு நாட்கள் (மருந்து உடலிலிருந்து நீங்கக் காத்திருக்கும் நாட்கள்) முடியும்வரை இறைச்சிக்கு அனுப்பக் கூடாது. இந்த இறைச்சியைக் குழந்தைகளும் சாப்பிடுவார்கள். அப்புறம், வியாபாரி வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள். பார்வை மதிப்பில் மொத்த விலை பேசினாலும், உங்கள் கையில் ஒரு கிலோ கணக்கு இருக்கும்.