வட்டம் போடுங்கள், வரிசை வேண்டாம்

பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க வந்த முதல் ஆண்டில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக நிற்கவைத்து, ஐந்து கோன்களை வைத்து, ஒரே ஒரு பந்தைக் கொடுத்து, விசில் ஊதிக்கொண்டிருந்தேன். பார்வைக்கு வெகு ஒழுங்கு. தொண்டை கட்டிப்போன ஒரு நாள் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சிறுமியை மட்டும் கவனித்தேன். பத்து நிமிடத்தில் அவள் பந்தோடு ஓடியது ஐந்தே முறை. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவன் முதுகில் இருந்த எண்ணை விரலால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான், பயிற்சியாளர் என்று ஒருவர் இல்லாத இடங்களில் மனிதர்கள் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். பெரும்பாலும் வட்டமாகத்தான் நிற்கிறார்கள். மியான்மரின் சின்லோனில் பிரம்பில் பின்னிய பந்தை ஆறு பேர் தரையில் விழாமல் காலாலேயே தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்ட, மற்ற ஐவரும் அவருக்கு எடுத்துக் கொடுப்பார்கள். எதிரணி கிடையாது. ஜப்பானிய அரசவையில் ஆடிய கெமாரியிலும் மான் தோல் பந்தைக் கீழே விடாமல் காப்பாற்றுவதே எல்லாருக்கும் பொதுவான நோக்கம். ரியோ கடற்கரையில் மணலில் நின்று ஆடும் அல்டின்யாவும் இதே குடும்பம்தான்.

ஆகவே என்னுடைய ஒரு மணி நேரம் இப்படித் தொடங்குகிறது: ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு பந்து. பந்து காற்றிலேயே இருக்க வேண்டும். புதியவர்களாக இருந்தால் தொடுகைக்கு ஒரு முறை பந்து தரையில் குதிக்க அனுமதி உண்டு. பாதம், தொடை, மார்பு எல்லாம் சரி, தலை மட்டும் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டுவதை 2015-இல் தடை செய்தது. நான் பன்னிரண்டு வயது வரைக்கும் தலையால் தொட விடுவதில்லை.

கெமாரியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். அதில் பந்தை உதைப்பவர் "அரி" என்று குரல் கொடுப்பார். என்னிடம் வரும் பிள்ளைகள் நான்கைந்து மொழி பேசுகிறவர்கள். பந்து தன்னுடையது என்று யார் எந்த மொழியில் சொல்வது என்பதிலேயே இருவர் மோதி மூக்கில் அடிபட்டிருக்கிறது. யாருடைய மொழியும் இல்லாத "அரி" அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டது. பந்தைத் தொடப் போகிறவர் கத்த வேண்டும். கத்தாமல் தொட்டால், பந்து விழாமல் எண்ணிக்கொண்டு வந்த தொடுகைக் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும்.

பத்து நிமிடம் போதும். அடுத்து பந்தைத் தரைக்கு இறக்கி ரோண்டோ. யோஹன் க்ரைஃப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் பார்சிலோனாவின் அன்றாடப் பயிற்சியாகவே இருந்த ஆட்டம் இது. சுமார் எட்டு மீட்டர் சதுரம், ஓரங்களில் நான்கு பேர், நடுவில் ஒருவர். ஓரத்தில் இருப்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொடுத்துக்கொள்வார்கள்; நடுவில் இருப்பவர் அதைப் பறித்தால், இழந்தவர் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் தேறிய பிறகு வெளியே ஐந்து பேர், உள்ளே இருவர் என்று மாற்றுங்கள்.

இங்கே நான் திருத்துவது இரண்டே விஷயங்களை. ஒன்று, பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாக ஒரு பார்வை. மற்றொன்று, பந்தை ஏந்தும் கால். வலப்பக்கத்திலிருந்து பந்து வந்தால், அதைத் தன்னைக் கடந்து உருளவிட்டு இடது காலின் உட்புறத்தால் வாங்க வேண்டும். அப்போது உடல் தானாகவே மைதானத்தின் பக்கம் திறந்துகொள்ளும். அருகிலுள்ள காலால் வாங்குகிற பிள்ளை தனக்குத்தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. பந்து காலில் பட்டுத் தெறித்து ஓடினால், உயரத்திலிருந்து விழும் முட்டையைக் கையில் எப்படி வாங்குவாய் என்று கேளுங்கள். கையை இறக்கிக்கொண்டே வாங்குவேன் என்பார்கள். பாதத்துக்கும் அதே வேலைதான்.

பந்தைப் பற்றி ஒரு குறிப்பு. எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் அளவு, பன்னிரண்டு வரை 4-ஆம் அளவு, அதற்கு மேல் 5. நுணுக்கம் பழக ஃபுட்சால் பந்து கிடைத்தால் மிக நல்லது. 1930-இல் உருகுவேயின் மொன்டேவீடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உள்ளரங்கில் ஆடுவதற்காக வகுத்த ஆட்டம் ஃபுட்சால். அதன் பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழும்பும். கிடைக்கவில்லையா? சாதாரணப் பந்திலிருந்து கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, முழங்காலுக்குச் சற்று மேலே எழும்புகிறதா என்று பாருங்கள்.

இப்போது பிள்ளைகள் காத்திருக்கும் பகுதி, வித்தை. நான் எலாஸ்டிகோவைக் கற்றுக்கொடுக்கிறேன், அதன் பயணக் கதைக்காகவும்தான். பிரேசிலின் ரிவெலினோ இதை உலகறியச் செய்தார். ஆனால் கொரிந்தியன்ஸ் கிளப்பில் தன்னோடு ஆடிய செர்ஜியோ எசிகோவிடமிருந்து கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஜப்பானியக் குடும்பத்தில் சாவோ பாலோவில் பிறந்த எசிகோ, பின்னர் ஜப்பானுக்குப் போய் ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்பித்தார்.

செய்முறை இது. வலது கால்காரர் என்றால் பந்து வலது பாதத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். எடை முழுவதும் இடது காலில். சுண்டுவிரல் பக்கத்தால் பந்தை வெளியே தள்ளுங்கள். கூடவே வலது தோளும் அந்தப் பக்கம் சாயட்டும், பொய் சொல்வது தோள்தான். பந்து ஒரு சாண் நகர்வதற்குள் பாதம் அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், பெருவிரல் பக்கத்தால் உள்ளே இழுக்க வேண்டும். சரியாகச் செய்கிறார்களா என்று கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது சுலபம். "டப், டப்" என்று இரண்டு சத்தம் வந்தால் தப்பு. பாதம் பந்தை விட்டுப் பிரிந்துவிட்டது என்று பொருள். பந்தைத் தேய்க்கிற ஒரே சத்தம் வர வேண்டும். முதலில் நின்ற இடத்தில், பிறகு நடந்துகொண்டே, அப்புறம்தான் ஓட்டம். ஒரே நாளில் வராது. இரண்டு மாதம் கழித்துத்தான் இந்த வித்தை வசப்பட்டவர்களும் என்னிடம் உண்டு.

கற்றதை உடனே ஒரு ஆளுக்கு எதிராகச் செய்து பார்க்க நெதர்லாந்துத் தெருக்களின் பன்னா ஆட்டம் இருக்கிறது. சின்னச் சின்ன கோல்கள், ஒருவருக்கு ஒருவர். எதிராளியின் கால்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தி மறுபுறம் எடுத்துவிட்டால் கோல் கணக்கெல்லாம் பார்க்காமல் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பன்னா என்பது தென் அமெரிக்காவின் சூரினாம் மக்களின் ஸ்ரனன் மொழியிலிருந்து வந்த சொல். இந்த ஒரு குறும்புக்கு உலகம் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: பிரெஞ்சுக்காரர்களுக்குச் சின்னப் பாலம், ஸ்பானிய மொழியில் குழாய், பிரேசிலில் பேனா, ஆஸ்திரியாவில் குட்டி வெள்ளரிக்காய்.

கடைசி இருபது நிமிடம் நான்குக்கு நான்கு, கோல்கீப்பர் இல்லாமல். இதில் எனக்கு வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் நானும் ஒரு அணியில் சேர்ந்துகொள்வேன். போன வாரம் அப்படிச் சேர்ந்தபோது, எண் எழுதிக்கொண்டிருந்த அதே சிறுமி என் எதிரே வந்து நின்று வலது தோளைச் சாய்த்தாள். அந்தப் பக்கம் காலை அகட்டினேன். பந்து நடுவே போய்விட்டது. பாலம், பேனா, குழாய் என்று ஆளுக்கொரு மொழியில் மைதானமே கத்தியது.