டென்னிஸ் மட்டை: நரம்பு அறும்வரை காத்திருப்பது தவறு

டென்னிஸ் மட்டைக்கு எப்போது புது நரம்பு கட்ட வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் அறுந்ததும் கட்டினால் போதும் என்கிறார்கள். பாலியெஸ்டர் நரம்பைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை. 1997இல் குஸ்தாவோ குயர்டன் இவ்வகை நரம்புடன் பிரெஞ்சு ஓப்பனை வென்ற பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே வேகமாகப் பரவிய பாலியெஸ்டர், எளிதில் அறுவதில்லை. ஆனால், அறுவதற்கு வெகுநாள் முன்பே தன் மீள்தன்மையை இழந்துவிடுகிறது. பலமாக அடித்து ஆடுபவர்களுக்குச் சுமார் 10 முதல் 20 மணி நேர ஆட்டத்திலேயே இந்த நிலை வந்துவிடலாம். அதன் பிறகு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழத் தொடங்கும், சுழற்சி குறையும், அடியின் அதிர்வு முழங்கைவரை ஏறும். நரம்பு செத்துப்போனதை அறியாமல், கோளாறு தம் கைவீச்சில்தான் என்று நம்பி, நன்றாக இருந்த ஆட்டத்தையே மாற்றிக்கொள்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இதைச் சோதிப்பது எளிது. மட்டையின் நடுவில் உள்ள நெட்டு நரம்பு ஒன்றை விரலால் பக்கவாட்டில் தள்ளி விடுங்கள். அது வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ, ஒவ்வோர் அடிக்கும் பிறகு நரம்புகளை விரலால் நேராக்க வேண்டியிருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. குறுக்கு நரம்பு உரசும் இடங்களில் ஆழமான பள்ளம் விழுந்திருப்பதும் ஓர் அடையாளம்.

வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ ஆண்டில் அத்தனை முறை மாற்றினால் போதும் என்ற கணக்கு நைலான் நரம்புக்கு ஓரளவு பொருந்தும், பாலியெஸ்டருக்குப் போதாது. ஆடாமல் வைத்திருந்தால் நரம்பு புதிதாகவே இருக்கும் என்பதும் தவறான எண்ணம். 55 பவுண்டு இழுவிசையில் கட்டிய நரம்பு, இயந்திரத்திலிருந்து இறக்கிய கணம் முதலே தளரத் தொடங்குகிறது; முதல் நாளில்தான் தளர்ச்சி மிக அதிகம். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டையை விட்டு வைத்தால் இது இன்னும் விரைவுபடும். ஆகவே கட்டிய தேதியையும் இழுவிசையையும் ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி, மட்டையின் கழுத்தின் உட்புறத்தில் ஒட்டி வைப்பது நல்லது.

சீக்கிரம் தளர்கிறதே என்று அடுத்த முறை இழுவிசையைக் கூட்டிக் கட்டச் சொல்பவர்களும் உண்டு. அதனால் மட்டை விறைப்பாகி முழங்கைக்குச் சுமை கூடுமே தவிர, நரம்பின் ஆயுள் நீளாது. பத்து வயதுப் பிள்ளையின் மட்டைக்குப் பாலியெஸ்டர் கட்டுவது அதைவிடக் கெடுதல். அந்த வயதுக்கு மென்மையான பல இழை நரம்பே ஏற்றது.

நரம்பு அறுந்தேவிட்டால், அந்த ஓர் இழையை மட்டும் ஒட்டுப்போட்டு ஆடக் கூடாது. ஒருபக்கம் மட்டும் இழுவிசை மிஞ்சியிருந்தால் சட்டம் கோணிவிடக்கூடும் என்பதால், மிச்ச நரம்புகளை நடுவிலிருந்து தொடங்கி, நெட்டும் குறுக்குமாக மாறி மாறி, உடனே வெட்டிவிட வேண்டும்.