சுங்கை லெம்பிங்குக்கு அவசரமாகப் போகாதீர்கள்

என் அப்பா குவாந்தானில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்குப் பக்கத்துச் சுரங்க ஊரான சுங்கை லெம்பிங் பக்கம் போய்வரும் நாளில் காக்கிப் பையில் ஒரு பொட்டலம் தேங்காய் பிஸ்கட் இருக்கும். லம்பம், அதாவது சுரங்கம், அப்போது ஓடிக்கொண்டிருந்தது. "அங்க மனுஷங்க பூமிக்குள்ள போய் வேலை செய்றாங்கம்மா" என்று அப்பா சொன்னது எனக்குப் பல நாள் புரியவில்லை. இப்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது அழைத்துக்கொண்டு அங்கே போகிறேன். போகும் முன் எல்லோரும் என்னிடம் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் எத்தனை நாள் என்பதைப் பார்ப்போம். கோலாலம்பூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, மலையில் ஒரு படம், மீ (நூடுல்ஸ்) ஒரு தட்டு என்று அன்றிரவே திரும்புகிறவர்கள் நிறைய. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குவாந்தான் வரை கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர், அங்கிருந்து லெம்பிங்குக்கு இன்னும் 42. போகவர இவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றினால் ஊர் கண்ணில் படாது. இரண்டு இரவு தங்குங்கள். ஒரே இரவுதான் முடியும் என்றால், மலையேற்றம், நீர்வீழ்ச்சி இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். லம்பத்தை மட்டும் விடவே கூடாது.

பங்குனி உத்திரத்தை ஒட்டிப் போகிறவர்கள் பழைய சாலையில் மாரான் மரத்தாண்டவர் கோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். அன்றைக்குக் கூட்டம் சாலை வரை நிற்கும், அதனால் அந்த நாளை முழுக்கக் கோயிலுக்கே கொடுத்துவிட்டு மறுநாள் லெம்பிங் போவது நல்லது.

எந்த மாதம் என்பதும் முக்கியம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் அடைமழை. நான் முதன்முதலில் பிள்ளைகளோடு போனது டிசம்பர் பள்ளி விடுமுறையில். ஆறு கலங்கலாகப் பெருகி ஓடியது, நீர்வீழ்ச்சிக்கு வண்டி போகவில்லை, மலை உச்சி முழுவதும் மூட்டத்துக்குள். இரண்டு நாளும் கடைக்கு முன்னால் இருக்கும் ஐந்தடி வழியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். மார்ச்சுக்கு அப்புறம் போங்கள். 1926 டிசம்பரில் பகாங்கையே புரட்டிப்போட்ட பெருவெள்ளத்துக்கு இந்த ஊரும் தப்பவில்லை.

ஊருக்குள் போனதும் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போங்கள். பெரிய ஊர் இல்லை. பழைய பலகைக் கடைவரிசை, ஒரு சந்தை, கெனாவ் ஆற்றின் மேல் தொங்கு பாலங்கள், சுற்றிலும் பச்சை மலை. மலாய் மொழியில் லெம்பிங் என்றால் ஈட்டி. ஒரு காலத்தில் இதைக் கிழக்கின் எல் டொராடோ என்று அழைத்தார்கள், பொற்பூமி என்ற அர்த்தத்தில். இங்கே தோண்டியதோ ஈயம், அதாவது டின் என்கிற வெள்ளீயம்.

முதல் நாள் மதியம் நேராக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மேட்டின் மேல் இருக்கும் அந்தப் பெரிய பங்களா லம்பத்து மேனேஜர் குடியிருந்த வீடு. 2003இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தலைக்கவசம், விளக்கு, துளைபோடும் கருவிகள், ஈயக் கற்கள், பழைய படங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. அந்த வராந்தாவிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெள்ளைக்கார மேனேஜர் எங்கே குடியிருந்தார், கூலியாட்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பது மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தாலே விளங்கும். தோட்டத்தில் பிறந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு ஈயம் என்றதும் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும், மிதந்துகொண்டே ஈய மண்ணை வாரிய பழைய ஈயக் கப்பல்தான் நினைவுக்கு வரும். அங்கே மேல்மண்ணைத் தண்ணீரால் கரைத்து ஈயத்தைப் பிரித்தார்கள். லெம்பிங்கில் ஈயம் மலைப் பாறைக்குள் நரம்பு மாதிரி ஓடியது. அந்த நரம்பைத் தொடர்ந்து பாறையை உடைத்துக்கொண்டே இறங்க வேண்டும். லண்டனில் பதிவான பகாங் கன்சாலிடேட்டட் கம்பெனி 1906இலிருந்து இதை நடத்தியது. கடைசியில் சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 322 கிலோமீட்டர் ஆகியிருந்தது. கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட அவ்வளவும் ஒரு சின்ன ஊரின் காலடியில். ஆழம் 600 மீட்டரையும் தாண்டியது. உலகத்திலேயே மிகப் பெரிய, மிக ஆழமான ஈயச் சுரங்கங்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள்.

அருங்காட்சியகத்துக்கு அப்புறம்தான் சுரங்கம். கம்பெனியின் பெயரிலேயே, பி.சி.சி.எல். என்று, ஒரு பகுதியைச் சீர்செய்து சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கிறார்கள். சின்ன ரயில் வண்டி உள்ளே கொண்டுபோகும், அப்புறம் நடை. வெளியே வியர்த்துக் கொட்டும், உள்ளே சில்லென்று இருக்கும். மூட்டுவலிக்காரர்களும் மெதுவாக நடந்து பார்த்துவிடலாம். என் மாமியார் எழுபத்திரண்டு வயதில் வந்தார். கையால் பாறையைத் தடவிக்கொண்டே நடந்தவர், பாதி வழியில் நின்று, "இருட்டுக்குள்ள எத்தனை மணி நேரம் வேலை?" என்று கேட்டார். சீக்கிரம் வெளியே வரவேண்டும் என்று நினைக்காமல், விளக்கில்லாத ஒரு மூலையைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா நின்று பாருங்கள்.

லம்பம் மூடியது 1986இல். அதற்கு முந்தைய வருஷம் அக்டோபரில், ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோனது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது, விலை விழுந்தது. இவ்வளவு ஆழத்திலிருந்து பாறையை உடைத்து ஏற்றி, ஊறும் தண்ணீரையும் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்க அந்த விலை கட்டுப்படியாகவில்லை. இளசுகள் குவாந்தானுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். காலையில் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் லம்பத்தில் வேலை செய்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலாயில் "பாக்சிக், டூலு கெர்ஜா லொம்போங்கா?" (ஐயா, முன்பு லம்பத்தில் வேலை செய்தீர்களா?) என்று மரியாதையாகக் கேளுங்கள், சீனப் பெரியவராக இருந்தால் "அங்கிள்" போதும். பேச விருப்பம் உள்ளவர் பேசுவார். பேசத் தொடங்கினால் நடுவில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் வேறு பழைய சுரங்க வாய்கள் கண்ணில் பட்டால் உள்ளே போகக் கூடாது. பம்பு நின்ற பிறகு கீழ்த்தளங்கள் தண்ணீரில் மூழ்கிவிட்டன, மரத் தாங்கல்கள் உளுத்துப்போயிருக்கும். பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை புக்கிட் பனோராமா. உயரம் 271 மீட்டர்தான், ஆனால் படி செங்குத்து. சூரியன் ஏழு மணிவாக்கில் எழும். ஐந்தரைக்கெல்லாம் அடிவாரத்தில் இருந்தால் நின்று நின்று ஏறலாம். நெற்றியில் கட்டும் விளக்கு கொண்டுபோங்கள், கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை குறையும். பிடிப்புள்ள சப்பாத்து வேண்டும். பனியில் படி வழுக்கும், ஜப்பான் சிலிப்பரோடு ஏறிய என் மகன் இறங்கும்போது முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். உச்சியில் நிற்கும்போது கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பாலாகக் கிடக்கும், மலை முகடுகள் மட்டும் தீவுத்தீவாக நிற்கும். முந்தின நாள் பெய்த மழை விட்டிருந்தால் மேகம் நன்றாகத் தேங்கும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். சனி, ஞாயிறு உச்சியில் நிற்கவே இடம் இருக்காது, வேலை நாளாகப் பாருங்கள்.

இறங்கியதும் பசி கொல்லும். லெம்பிங் மீ மலைத் தண்ணீரில் பிசைந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், நன்றாக இழுபடும். தக்காளிக் குழம்பு ஊற்றித் தரும் தக்காளி மீ இங்கே பேர்போனது. பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுத்த சைவக்காரர்கள் ரொட்டியும் பழமும் கையில் வைத்திருப்பது நல்லது. சோயாவில் செய்யும் இனிப்பான தவ்ஃபூ ஃபா எல்லோரும் சாப்பிடலாம், வாயில் வைத்ததும் கரையும்.

மூன்றாம் நாள் வானவில் நீர்வீழ்ச்சி. மலையையும் இதையும் ஒரே காலையில் முடிக்கிறவர்கள் உண்டு, வயதானவர்களோடு போனால் வேண்டாம். சொந்தக் காரில் போக முடியாது. தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லி ஃபோர் வீல் வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வண்டி செம்மண் பாதையில் குலுங்கி ஆற்றுக்குள்ளேயே இறங்கிப் போகும். முதுகுவலி இருப்பவர்கள் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதற்கப்புறம் காட்டுக்குள் நடை, ஈரக் கல், அட்டைகள். நீளக் காலுறைக்குள் சிலுவாரை (கால்சட்டையை) செருகிக்கொள்ளுங்கள், கொஞ்சம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நீர்த்தூவலில் படும்போது அடிவாரத்திலேயே வானவில் நிற்கும். பத்து மணியை ஒட்டி அங்கே இருக்க வேண்டும். மேகம் மூடினால் வானவில் வராது, அருவி மட்டும்தான். அதுவும் போதும் எனக்கு. ஓட்டுநர்கள் அங்கேயே அடுப்பு மூட்டி மேகி மீ வேகவைத்துத் தருவார்கள். தின்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

திரும்பும் வழியில் பஞ்சிங்கில் சுண்ணாம்புக் குன்று ஒன்று செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்கும். அதுதான் சாராஸ் குகை. உள்ளே 9 மீட்டர் நீளத்தில் படுத்த நிலைப் புத்தர். முழங்கால் ஒத்துழைத்தால் படி ஏறுங்கள்.

தேங்காய் பிஸ்கட்டை மட்டும் கிளம்பும் அவசரத்தில் வாங்காதீர்கள். காலையில், அடுப்பிலிருந்து தட்டு இறங்கும் நேரத்தில் வாங்க வேண்டும். சூடு ஆறும் வரை பொட்டலத்தின் வாயைத் திறந்தே வையுங்கள், மூடினால் நமத்துப்போகும். அப்பா லோரியின் முன்பக்கத்தில் வைத்து அப்படித்தான் கொண்டுவருவார்.