பாலிஷ் டப்பாவில் விரலை விடாதீர்கள்

ஜூன் மாதம் விடுதி திறந்ததும் புதிதாக வந்த பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை மாலை வராந்தாவில் வரிசையாக உட்காரவைத்து, அவரவர் ஷூவுக்குப் பாலிஷ் போடச் சொல்வேன். ஊட்டியில் விடுதிக் காப்பாளராக இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் காட்சியைப் பார்த்துவருகிறேன். டப்பாவைத் திறந்த உடனே முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். தோசைக்குச் சட்னி வழிப்பதுபோல ஒரு வழி வழித்து, ஷூவின் தலையில் அப்பிவிடுவார்கள். திட்ட வாய் வரும். ஆனால் வேலைக்கு வந்து மீசை முளைத்த பிறகும் நானே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதால் அடக்கிக்கொள்வேன்.

மண்ணைத் துடைத்துவிட்டுப் போடவேண்டும், கறுப்பு ஷூவுக்குக் கறுப்பு என்பதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பையனுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறையப் போட்டால் நீண்ட நாள் உழைக்கும் என்று நம்புவது

என் முதல் நல்ல ஷூ குன்னூரில் காலை அளந்து தைத்தது. பழுப்பு நிறம். அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. அவ்வளவு பணம் கொடுத்த பொருளைச் சும்மா விடமுடியுமா? தினமும் இரவு பாலிஷ். ஊட்டி மழையிலிருந்து மெழுகுதான் காப்பாற்றும் என்று கனமாகவே பூசினேன். முந்தைய நாள் பூச்சைத் துடைத்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

இரண்டாவது ஆடி மாதத்தில், விரல்கள் மடங்கும் இடத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. தோல் வறண்டுவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, கோடுகளுக்குள் இன்னும் பாலிஷைத் திணித்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அப்போது வெடித்திருந்தது தோல் அல்ல, அதன் மேலிருந்த பாலிஷ். அன்றே துடைத்தெடுத்திருந்தால் ஷூ பிழைத்திருக்கும்.

டப்பா பாலிஷ் என்பது மெழுகும் டர்பன்டைன் போன்ற கரைப்பானும் சாயமும் சேர்ந்தது. பூசிய சிறிது நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடும். மெழுகு மேலே படலமாகத் தங்கும். அது தோலுக்குள் இறங்கி ஊட்டம் தருவதில்லை. படலம் மெல்லியதாக இருந்தால் தோலோடு சேர்ந்து வளையும். தடித்துவிட்டால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நொறுங்கும். அந்த வெடிப்புகளில் மண் துகள் புகுந்து, நடக்க நடக்க உப்புத்தாள்போலத் தோலைத் தேய்க்கும். போதாக்குறைக்கு, வியர்வையிலும் மழையிலும் ஈரமான தோல் மூச்சுவிட வழியும் அடைபட்டுப்போகும். எங்கள் ஊர் மூடுபனியில் ஈரம் தங்கினால் அடுத்து வருவது பூசணம்.

கடைசியில் மார்க்கெட் பக்கம் உட்காரும் தைப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் கட்டைவிரல் நகத்தால் ஓர் அழுத்து அழுத்தினார். செதில் ஒன்று பெயர்ந்து விழுந்தது. “இதில் தோல் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும் சார்” என்றார். டர்பன்டைன் தொட்ட துணியால் அவர் துடைக்கத் துடைக்க, அடியில் மடிப்பை ஒட்டித் தோலே கிழிந்திருந்தது தெரிந்தது. ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகமுடியவில்லை.

சரி, எவ்வளவு? ஒரு ஷூவுக்கு மிளகளவில் தொடங்குங்கள். குறைந்தால் இன்னொரு மிளகு. பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி, டப்பாவின் மேல் ஒருமுறை வட்டமாகத் தடவினால் அந்த அளவு ஒட்டும். குதிகாலிலும் முனையிலும் முதலில் தேயுங்கள்; மடங்கும் இடத்துக்குத் துணியில் மிஞ்சியது போதும். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் பிரஷ் போடுங்கள். பிரஷ்ஷில் பாலிஷ் திரண்டு ஒட்டினால் கை தாராளம் என்று பொருள். தினமும் வேண்டியது பிரஷ் மட்டுமே. பாலிஷ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தோல் உண்மையிலேயே வறண்டிருந்தால் அதற்கு க்ரீம் இருக்கிறது. அதுவும் பட்டாணி அளவுதான்.

இதைச் சொன்னதும் ஒரு பையன் கட்டாயம் எழுந்து கேட்பான்: “வெலிங்டன் ராணுவ வீரர்களின் பூட்ஸ் கண்ணாடிபோல மின்னுகிறதே சார்?” நல்ல கேள்வி. அந்த மினுமினுப்பு ஒரே பூச்சில் வருவதல்ல. துளித் துளியாகத் தண்ணீர் தொட்டு, மெல்லிய பூச்சுகளைப் பொறுமையாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு நிலைப்பதும் முனையிலும் குதிகாலிலும்தான். அங்கே உள்ளே விறைப்பான அட்டையோ தோலோ வைத்திருப்பதால் மடங்காது. மடிப்பில் அதையே செய்து பார்த்தால் இரண்டு நாளில் சுண்ணாம்புச் சுவர் உதிர்வதுபோல உதிரும்.

ஈர ஷூவுக்குப் பாலிஷ் போடுவது

கூடாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, தாள் நனைந்ததும் மாற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் தோல் விறைத்து அப்பளமாகிவிடும். ஊட்டியிலும் கூடலூரிலும் ஆடியில்தான் இந்தத் தொல்லை. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்.

பூசணத்தின் மேல் பாலிஷ் போடுவது

வெள்ளை மறையும், பூசணம் சாகாது. ஷூவை வெளியே எடுத்துப்போய்த் துடைத்து, நன்றாகக் காயவைத்த பிறகே டப்பாவைத் திறக்கவேண்டும். அலமாரிக்குள் வைத்துத் தட்டினால் பக்கத்து ஜோடிக்கும் பரவும்.

டப்பாவை அடுப்பில் காட்டுவது

ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பாலிஷ் கல்லாகக் கிடக்கும். அப்போதுதான் நகத்தால் கட்டிகட்டியாகப் பெயர்த்தெடுக்கத் தோன்றும். சிலர் தீக்குச்சியைக் கொளுத்தி உருக்குவார்கள். கரைப்பான் குப்பென்று பற்றும். ஒருவரின் புருவம் பொசுங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூடிய டப்பாவை ஸ்வெட்டருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருங்கள், இளகும்.

ஸ்வேட் ஷூ (வெல்வெட்போல மேற்பரப்புள்ள தோல்)

ஒரு துளிகூடக் கூடாது.

ரெக்சின் ஷூ

ஈரத்துணி போதும். வாங்கிய டப்பாவைப் பக்கத்துக் கட்டில்காரனிடம் கொடுத்துவிடுங்கள்.