திருகோணமலையிலிருந்து ஐரோப்பாவுக்கு மசாலாத் தூள் அனுப்ப என்னென்ன சான்று வேண்டும்?

மூதூர், தம்பலகாமம் பக்கம் வீட்டில் தூள் திரித்து விற்கும் பலருக்கும் ஜெர்மனி, பிரான்ஸ் தமிழ்க் கடைகளுக்கு அனுப்பும் ஆசை இருக்கிறது. தாராளமாகச் செய்யலாம், ஒழுங்கு மாறாமல் செய்ய வேண்டும்.

முதலில், அங்கே பொருளை இறக்கப்போகிறவரோடு பேசுங்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் உணவின் பாதுகாப்புக்கு இறக்குமதியாளரும் பொறுப்பு. அவருக்கு எந்தெந்தப் பரிசோதனை அறிக்கை தேவை என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை பை அச்சடிக்கக்கூடக் காசு போடாதீர்கள்.

இதற்கிடையில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, வரி இலக்கமும் சுங்கப் பதிவும் எடுத்துவிடலாம்.

அப்புறம் காயவைத்தல். என் பார்வையில் பாதிச் சான்றிதழ் இங்கேயே முடிவாகிவிடுகிறது. செத்தல் மிளகாயில் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. மிளகாய், மிளகு, மஞ்சள், இஞ்சிக்கு ஐரோப்பா வைத்த எல்லை மிகச் சிறியது: ஒரு கிலோவில் பி1 வகை 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10. ஆகவே மாரி மழை தொடங்குமுன் காயவைத்து முடியுங்கள். வெறுந்தரையிலும் வீதியிலும் பரப்பவே வேண்டாம். மூட்டைகளைப் பலகை மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள்.

சரி, அடுத்தது பரிசோதனை. ஒரே தொகுதியின் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கின்) பல மூட்டைகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள். அந்தப் பரிசோதனை முறைக்கு, ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அஃப்ளாடொக்சினோடு சல்மொனெல்லா கிருமி, பூச்சிமருந்து மிச்சம், உணவில் தடைசெய்த சூடான் என்ற சிவப்புச் சாயம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி கொல்ல எதிலீன் ஒக்சைட் வாயு அடித்த சரக்கை ஐரோப்பா ஏற்காது. நீராவி முறையில் கிருமி கொல்லலாம். போன தொகுதியின் அறிக்கையை இந்தத் தொகுதிக்குக் காட்ட முடியாது. சாப்பிடுகிறவர்கள் நம் ஆட்களின் பிள்ளைகள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

முழு மிளகு போன்றவற்றுக்குச் பூச்சி, தாவர நோய் இல்லை என்று காட்டும் தாவர சுகாதாரச் சான்றிதழும் சில நாடுகள் கேட்கும். அதைக் கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்புச் சேவையில் பெறலாம்.

கடைசியாக லேபிள். அந்த நாட்டு மொழியில் சேர்மானம், தொகுதி இலக்கம், இறக்குமதியாளரின் பெயர், முகவரி இருக்க வேண்டும். தூளில் கடுகு சேர்த்திருந்தால் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அங்கே கடுகு ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள பொருள்.